அலை போன பின்பும் திரும்பாத முள்: ஈர்ப்பலை நினைவு பற்றிக் கேள்வி பதில்

ஈர்ப்பலைகளின் 'நினைவு விளைவு' பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று அறிவித்த அன்றே பெட்டி நிறைந்துவிட்டது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலில், அதிலும் மூலத்திலிருந்து வெகு தொலைவில் ஈர்ப்புப் புலம் எப்படி நடந்துகொள்கிறது என்ற கணக்கில், பல வருடமாக உழல்கிறவள் நான். அந்த எல்லைக்குள் வரும் கேள்விக்கு நீளமாகப் பேசுவேன். வெளியே போனால் ஒரு வரிதான். கோபிக்க வேண்டாம்.

இரவுப்பறவை: மேடம், முதலில் அது என்ன விளைவு? கணக்கு இல்லாமல் சொல்லுங்கள்.

எந்தப் பொருளின் இழுப்பும் இல்லாத ஆழ்வெளியில் புள்ளிக் கோலத்துக்கு வைப்பது போல வட்டமாகச் சில மணிகளை மிதக்கவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று தொடவில்லை, கயிறும் இல்லை. வட்டத்தின் நேர் குறுக்கே ஓர் ஈர்ப்பலை, அதாவது காலவெளியிலேயே பரவும் ஒரு நெளிவு, வருகிறது. வட்டம் மேல்கீழாக நீளும், பக்கவாட்டில் ஒடுங்கும். அடுத்த நொடி அது மாறும். இந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அலை போன பிறகு என்ன ஆகும் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "பழையபடி வட்டம்" என்பார்கள். இல்லை. மணிகள் அசையாமல் நிற்கும், ஆனால் நிற்கும் இடம் வேறு. துளியளவு நீள்வட்டம் ஒன்று மிஞ்சியிருக்கும். அதுதான் நினைவு விளைவு.

காய்கறிக் கடையில் பழைய முள் தராசு பார்த்திருப்பீர்கள். எடையை எடுத்ததும் முள் ஆடி ஆடி அடங்கும். அடங்கிய இடம் பழைய சுழியத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளி இருந்தால் எப்படி? அப்படித்தான் இதுவும்.

கூடவே ஓர் எச்சரிக்கை. வளைந்த காலவெளியைக் காட்ட ரப்பர் விரிப்பில் குண்டு வைக்கும் படத்தை இன்று மட்டுமாவது மறந்துவிடுங்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இந்த விளைவை யோசித்தால் தப்பான இடத்தில்தான் போய் நிற்பீர்கள். இதை இன்று பல தடவை சொல்லப்போகிறேன்.

பிளஸ் டூ பையன்: அக்கா, 2015-இல் அமெரிக்காவின் லைகோ என்ற ஈர்ப்பலைக் கருவி பிடித்த அலை நம்மையும் தாண்டித்தானே போனது? அப்போ நம் உடம்பு நிரந்தரமாக நீண்டுவிட்டதா?

இல்லை தம்பி. மணிகள் சுதந்திரமாக மிதந்ததால்தான் புதிய இடத்திலேயே நின்றன. உன் உடம்பின் அணுக்களை மின்விசை பிணைத்து வைத்திருக்கிறது. அலை போனதும் அது அணுக்களைத் தம் பழைய இடைவெளிக்கே இழுத்துக்கொள்ளும். இரும்புக் கம்பிக்கும் இதே கதைதான்.

ஆனால் எவ்வளவு நீள முயன்றிருக்கும் என்று தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம், அழகான கணக்கு. 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான அந்த நிகழ்வில் சுமார் 36, 29 சூரிய நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் இணைந்து 62 சூரிய நிறை ஆயின. மீதி 3 சூரிய நிறை அலையாகப் போனது. ஒரு சூரிய நிறையை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி ஒளிவேகத்தின் இருமடியால் வகுத்தால் ஒன்றரை கிலோமீட்டர் வரும். 3 சூரியனுக்கு நாலரை கிலோமீட்டர். இதைத் தூரத்தால் வகு. தூரம் 130 கோடி ஒளியாண்டு, அதாவது 12-க்குப் பின் 21 சுழியம் போட்ட அத்தனை கிலோமீட்டர். வரும் விடையே மிகச் சிறியது. உண்மை அளவு இதிலும் பத்து மடங்கோ அதற்கும் மேலோ குறையும். ஆற்றல் எல்லாத் திசையிலும் பரவிப் போவதால் பெரும்பகுதி ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கிறது. தவிர, சுழலும் ஜோடி நமக்கு விளிம்பைக் காட்டினால்தான் நினைவு அதிகபட்சம். தட்டு போல முகத்தைக் காட்டினால் சுழியம். 2015 ஜோடி ஏறக்குறைய முகத்தைக் காட்டிய ஜோடி. கடைசியில், லைகோவில் கண்ணாடிகளுக்கு நடுவே லேசர் ஒளி ஓடும் 4 கிலோமீட்டர் நீளக் கையில் மிஞ்சும் மாற்றம் புரோட்டான் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே.

நெல்லைச்சீமை: லைகோ இந்தியா தேனியில் வரவிருந்ததுதானே? போராட்டம் நடந்ததே?

தேனியில் வரவிருந்தது நியூட்ரினோ ஆய்வகம். லைகோ இந்தியா மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் வருகிறது. மத்திய அமைச்சரவை 2023-இல் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

எந்திரவியல் மூன்றாம் ஆண்டு: இதை யார் கண்டுபிடித்தது? கிறிஸ்டோடூலூ என்று ஓரிடத்தில் படித்தேன், ரஷ்யர்கள் என்று இன்னோரிடத்தில்.

இரண்டும் சரி. இரண்டு நினைவுகள் இருக்கின்றன. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

1974-இல் சோவியத் ஒன்றியத்தில் யாகோவ் செல்டோவிச்சும் போல்நாரெவும் அடர்ந்த விண்மீன்கள் நெருங்கிய ஒரு கூட்டத்தை ஆராய்ந்தார்கள். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று உரசுவது போல நெருங்கி, திசை மாறி, பறந்து போகின்றன. முன்னால் ஒரு திசையில் போன நிறை இப்போது வேறு திசையில் போகிறது. தொலைவில் இருக்கும் நமக்கு அதன் புலமும் அதற்கேற்ப ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறியாக வேண்டும். நடுவில் ஆட்டம் எப்படி இருந்தாலும் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசம் தங்கிவிடும். இதை நேரியல் நினைவு என்கிறோம். 1985-இல் பிராகின்ஸ்கியும் கிரிஷ்சுக்கும் இதற்கு 'நினைவு' என்ற பெயரைக் கொடுத்தார்கள். 1987-இல் பிராகின்ஸ்கியும் கிப் தோர்னும் சோதனையில் பிடிக்க என்ன வழி என்று எழுதினார்கள். மீநோவா வெடிப்பில் நியூட்ரினோக்கள் ஒரு பக்கம் கூடுதலாகச் சிதறினாலும் இதே விளைவு வரும்.

இதுவரை ஒருவருக்கும் தூக்கம் கெடவில்லை. 1991-இல் டெமெட்ரியோஸ் கிறிஸ்டோடூலூ வந்தார். பதினாறு வயதில் பிரின்ஸ்டனுக்குப் போய் இயற்பியலாளர் வீலரிடம் படித்த மனிதர். கிளைனர்மனோடு சேர்ந்து, வெற்றுக் காலவெளியைக் கொஞ்சம் கலக்கிவிட்டாலும் அது மறுபடி அடங்கிவிடும் என்று பெரிய நிரூபணம் ஒன்றைச் செய்திருந்தார். அந்த நிரூபணத்தின் வழியாகவே இன்னொன்றைக் கண்டார்: பறந்து போவது விண்மீனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஈர்ப்பலையும் ஆற்றலைச் சுமந்து போகிறது. ஆற்றல் எங்கே போனாலும் ஈர்ப்பு உண்டு. எனவே வெளியேறும் அலையே தன் பங்குக்கு நினைவை விட்டுச் செல்லும். இதுதான் நேரியல்சாரா நினைவு. பிளான்ஷேயும் தமூரும் முற்றிலும் வேறு கணக்கு வழியில் தனியாக இதே இடத்துக்கு வந்தார்கள்.

அலையின் அலையா, அப்படியானால் சின்னத் திருத்தம்தானே என்று நினைப்போம். நானும் மாணவியாக இருந்தபோது அப்படித்தான் நினைத்துச் சமன்பாட்டிலிருந்து அந்த உறுப்பைத் தூக்கிப் போட்டேன். என் ஆசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. விஷயம் என்னவென்றால், ஒவ்வொரு கணமும் சேர்வது மிகமிகக் கொஞ்சம்தான். ஆனால் அது ஆடாமல், ஒரே பக்கமாக, கருந்துளைகள் சுருண்டு நெருங்கும் காலம் முழுதும் சேர்ந்துகொண்டே போகிறது. கூட்டிப் பார்த்தால் முதன்மையான ஆட்டத்தின் வரிசையிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. இணையும் கருந்துளைகளில் நேரியல் பங்கு அற்பம். இதுதான் பெரிது.

ஆகாயகங்கை: ஆகாசத்துக்கு நினைவு உண்டு என்று நம் முன்னோர் சொன்னதுதானே இது? தண்ணீருக்கும் நினைவு உண்டு என்கிறார்களே?

இரண்டுக்கும் இல்லை என்பதே பதில்.

குவாண்டம் குமரன்: இத்தனை நிகழ்வு பதிவாகியும் லைகோ ஏன் நினைவைப் பார்க்கவில்லை?

லைகோவின் கண்ணாடிகள் ஆழ்வெளி மணிகள் அல்ல என்பது முதல் தொல்லை. ஒவ்வொன்றும் 40 கிலோ, நான்கு அடுக்கு ஊசலில் தொங்குகிறது. மெதுவாகத் தள்ளினால் ஊசல் திரும்பி வந்துவிடும். எனவே அங்கே நிரந்தர மாற்றம் நிற்காது. நினைவு படி போல ஏறும் அந்தக் கணத்தை மட்டும்தான் பார்க்க முடியும். அந்த ஏற்றமும் பெரும்பாலும் தாழ் அதிர்வெண்ணில் இருக்கிறது. நொடிக்குப் பத்து அதிர்வுக்குக் கீழே பூமியின் இரைச்சலில் லைகோ கிட்டத்தட்டச் செவிடு.

சரி, ஒரு நிகழ்வில் தெரியாவிட்டால் பல நிகழ்வுகளை அடுக்கிப் பார்க்கலாமே என்று 2016-இல் லாஸ்கி குழுவினர் யோசித்தார்கள். அதிலும் ஒரு கண்ணி. ஜோடியின் திசையமைப்பை இரண்டு விதமாக வைத்தாலும் முதன்மை ஆட்டம் ஒரே மாதிரி தெரியும், ஆனால் நினைவு ஒன்றில் கூட்டல், இன்னொன்றில் கழித்தல். எது என்று தெரியாமல் அடுக்கினால் ஒன்றையொன்று அழித்துவிடும். அலையின் நுண்ணிய மேலடுக்குகளைப் பார்த்துத்தான் குறியைத் தீர்மானிக்க வேண்டும். 2015 நிகழ்வு போலவே தொண்ணூறு கிடைத்தால் போதும் என்பது அவர்கள் அப்போது போட்ட கணக்கு. நிஜத்தில் வருகிற நிகழ்வுகள் அத்தனை நல்லவையாக இல்லை. பிறகு வந்த மதிப்பீடு சுமார் 2,000 நிகழ்வுகள் என்றது.

விண்ணில் 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று கலங்களாகப் பறக்கப்போகும் லிசா என்ற ஈர்ப்பலைக் கருவியில் பெரிய கருந்துளைகளின் நினைவு தனி நிகழ்விலேயே தெரிய வாய்ப்பு அதிகம். 2030-களின் நடுவில் ஏவுவதாகத் திட்டம். இன்னொரு வழி பல்சார்கள், அதாவது கடிகாரம் போலச் சீராகத் துடிக்கும் விண்மீன்கள். நினைவலை பூமியைக் கடந்தால் அந்த நாளிலிருந்து எல்லாப் பல்சார்களின் துடிப்பும் வானில் அவை இருக்கும் திசைக்கேற்பக் கொஞ்சம் முந்தத் தொடங்கும், அல்லது பிந்தத் தொடங்கும். வட அமெரிக்கக் குழுவான நானோகிராவ் தேடிப் பார்த்தது. இதுவரை பிடிபடவில்லை.

சொல்லேர் உழவன்: மேடம், 'நினைவு' என்ற சொல்லே தவறான மொழிபெயர்ப்பு. நினைவு மனதுக்குரியது. 'தழும்பு' என்றால் எவ்வளவு பொருத்தம்! அலை பட்ட காயத்தின் தழும்பு.

அழகான சொல், ஏற்க மாட்டேன். தழும்பு என்றால் தோல் மாறியிருக்க வேண்டும். இங்கே அலை போன பிறகு அந்த இடத்தின் காலவெளியை எடுத்துச் சோதித்தால் வளைவு எதுவும் இருக்காது. தோல் வழவழவென்றுதான் இருக்கிறது. மாறியது மணிகளின் இடைவெளி. நான் சொன்ன ரப்பர் விரிப்பு ஆபத்து இதுதான். விரிப்பில் பள்ளம் மிஞ்சிவிட்டது என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள்.

வாசல்கோலம்: அப்படியானால் 'சுவடு'?

சுவடும் மண்ணில் பதிவதுதானே. அதே சிக்கல்.

சொல்லேர் உழவன்: 'எச்சம்' சொல்லலாமா? மிஞ்சியது என்ற பொருளில்?

சொல்லலாம், பறவை ஆர்வலர்கள் சிரிக்காமல் இருந்தால்.

கணக்கு வாத்தியார்: அம்மா, சொல் சண்டையை விடுங்கள். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவன் கேட்கிறேன். முன்னாலும் வெளி தட்டை, பின்னாலும் வெளி தட்டை. மணிகளை எந்த விசையும் தொடவில்லை. அப்படியானால் மாறியது என்ன? நீங்கள் அளவுகோலை மாற்றிவிட்டு மணி நகர்ந்தது என்கிறீர்கள். ஆயத்தொலைவு ஏமாற்று இது.

வாத்தியார் ஐயா, இதைக் கேட்க ஒருவர் வருவார் என்று காத்திருந்தேன். மற்ற கேள்விகள் கொஞ்சம் நிற்கட்டும்.

முதலில் ஏமாற்று இல்லை என்பதைத் தீர்த்துவிடலாம். இரண்டு மணிகளுக்கு நடுவே ஒளியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தை அலைக்கு முன்னும் பின்னும் ஒரே கடிகாரத்தில் எடுங்கள். இரண்டு எண்கள் வேறு. எந்த ஆயத்தொலைவில் எழுதினாலும் கடிகாரம் காட்டும் எண் மாறாது.

கணக்கு வாத்தியார்: எண் மாறும், ஒப்புக்கொள்கிறேன். நடுவில் அலை போனபோது வளைவு இருந்தது, அது தள்ளியது. ஆனால் முன்பிருந்த வெறுவெளியும் பின்பிருக்கும் வெறுவெளியும் ஒன்றே என்கிறீர்களா, இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.

இல்லை. இந்த 'இல்லை'யைச் சொல்ல இயற்பியலுக்கு ஐம்பது வருடம் பிடித்தது.

1962-இல் ஹெர்மன் பாண்டி, வான் டெர் பர்க், மெட்ஸ்னர் மூவரும், கூடவே தனியாக சாக்ஸும், ஈர்ப்பலை உமிழும் பொருளிலிருந்து வெகு தொலைவில் என்னென்ன சமச்சீர்கள் (இயற்பியல் விதியைக் கெடுக்காமல் செய்யக்கூடிய நகர்த்தல், திருப்பல் போன்றவை) இருக்கின்றன என்று பார்த்தார்கள். வெகு தொலைவில் ஈர்ப்பு ஓய்ந்துவிடும். ஆகவே சிறப்புச் சார்பியலில் உள்ள பத்துச் சமச்சீர்கள் மட்டும் மிஞ்சும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்ததோ முடிவிலி எண்ணிக்கையில். கூடுதலாக வந்தவற்றை மீஇடப்பெயர்ச்சி என்று சொல்லலாம்.

அது என்ன என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. இந்திய நேரம் என்று ஒன்று 1906-இல் வருவதற்கு முன் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. பம்பாய்க்குத் தனி நேரம், கல்கத்தாவுக்குத் தனி நேரம். எல்லா ஊரும் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வோர் ஊரும் தன் இஷ்டத்துக்குத் தள்ளினால்? மீஇடப்பெயர்ச்சி அதுதான். மூலத்தைச் சுற்றிய வானத்தில் ஒவ்வொரு திசைக்கும் நேரத்தின் சுழியத்தைத் தனித்தனியாகத் தள்ளலாம். எல்லாத் திசையும் ஒரே அளவு தள்ளினால் அது சாதாரண நேர நகர்வு. ஒரு பக்கம் கூட்டி எதிர்ப்பக்கம் குறைத்தால் அது இடத்தில் நகர்வு. அதற்கு மேல் சிக்கலான வடிவில் தள்ளினால்தான் புதிது. தள்ளிய பின்னும் வெறுவெளி வெறுவெளியே. ஆற்றல் சுழியம், வளைவு சுழியம். ஆனால் பழைய வெறுவெளி இல்லை.

அலைக்கு முன் நாம் ஒரு வெறுவெளியில் இருந்தோம், பின்னால் வேறொன்றில் இருக்கிறோம். எந்த மீஇடப்பெயர்ச்சியால் இது அதுவானது என்பதைத்தான் மணிகள் அளந்து சொல்கின்றன. பாண்டி குழுவின் கணக்கும் செல்டோவிச்சின் கணக்கும் பல பத்தாண்டுகள் தனித்தனி அலமாரியில் கிடந்தன. 2014-இல் ஸ்ட்ரோமிங்கரும் ஜிபோயெடோவும் இரண்டும் ஒன்று என்று காட்டினார்கள். கூடவே மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார்கள்: மிகமிகக் குறைந்த ஆற்றல் கொண்ட ஈர்ப்புத்துகள் எப்படி உமிழப்படும் என்று 1965-இல் வைன்பெர்க் எழுதிய தேற்றம். அதன் சூத்திரத்தையும் நினைவின் சூத்திரத்தையும் அருகருகே வையுங்கள். ஒன்று அதிர்வெண்ணில் எழுதியது, மற்றது நேரத்தில் எழுதியது. அவ்வளவுதான் வித்தியாசம். முதல் முறை பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

சொல்லேர் உழவன்: இதைக் கேட்ட பின் என் 'தழும்பு' கொஞ்சம் சரி என்று தோன்றவில்லையா? வெறுவெளியே மாறிவிட்டது என்கிறீர்களே.

கொஞ்சம் யோசிக்க வைத்துவிட்டீர்கள். ஆனால் மாற்றம் மணிகள் இருக்கும் இடத்தில் மட்டும் பதிந்தது இல்லையே. வானம் முழுவதற்கும் சேர்த்துத்தான் அது. இந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாததைத் தழும்பு என்பீர்களா? நினைவையும் அப்படி விரல் வைத்துக் காட்ட முடியாது. பெயர் நிற்கட்டும்.

பரங்கிமலை: நம் பக்கம் யாராவது இதில் வேலை செய்கிறார்களா?

சிறுசேரியில், சென்னைக் கணிதவியல் கழகத்தில் அலோக் லட்டா. காம்பிக்லியாவோடு சேர்ந்து இந்தச் சமச்சீர்களை விரித்தவர். பிறகு அசோக் சென்னோடு 2018-இல் செய்த வேலை எனக்கு மிகப் பிடித்தது. நினைவு சட்டென்று நிலைக்கு வந்து நின்றுவிடுவதில்லை, நேரத்தின் தலைகீழ் விகிதத்தில் தேய்ந்துகொண்டே வரும் ஒரு வால் உண்டு என்று காட்டியது. பொருள்கள் சிதறிப் பறக்கும் நிகழ்வில்தான் இந்த வால் இருக்கும். ஈர்ப்பின் பிடி எவ்வளவு தூரம் போனாலும் முழுதாக விடாது என்பதே காரணம். இரண்டு கருந்துளைகள் ஒன்றாகி முடிந்தால் அந்த வாலும் மறைந்துவிடுகிறது.

தமிழ்வேள்: அலை போனால் நம் உயரம் கூடுமா மேடம்?

மேலே பிளஸ் டூ பையனுக்குச் சொல்லியாகிவிட்டது. இது மூன்றாவது முறை வருகிறது.

கருந்துளை ரசிகன்: ஹாக்கிங் சொன்ன 'மென்முடி' இதுதானா? தகவல் புதிர் தீர்ந்துவிட்டதா?

2016-இல் ஹாக்கிங், பெர்ரி, ஸ்ட்ரோமிங்கர் எழுதியது இதே சமச்சீர்களைக் கருந்துளையின் விளிம்புக்குக் கொண்டுபோகும் முயற்சி. அந்த விளிம்பில் தங்கும் மெல்லிய அடையாளங்களைத்தான் மென்முடி என்றார்கள். உறவு உண்டு. கருந்துளையில் விழுந்ததன் தகவல் எங்கே போகிறது என்ற புதிர் தீரவில்லை. தீர்ந்தது என்று தலைப்பு போடுகிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

விண்கலம்: காலப்பயணம் செய்ய இது உதவுமா?

உதவாது.

கணக்கு வாத்தியார்: கடைசியாக ஒன்று, அம்மா. இரவெல்லாம் யோசித்தேன். அலைக்கு முன் மணிகள் நின்ற வட்டம்தான் உண்மையான சுழியம் என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது ஐயா. அந்த மணிகளை நீங்கள் வட்டமாக வைத்தது உங்கள் வசதிக்கு. அந்த வெறுவெளியும் அதற்கு முன் போன ஏதோ ஓர் அலை விட்டுச் சென்றதுதான், அதற்கும் முன் இன்னொன்று. எல்லா வெறுவெளிக்கும் ஆற்றல் ஒன்றுபோலச் சுழியம் என்பதால் இதுதான் முதல் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க எந்த வழியும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தை மட்டும்தான் அளக்க முடியும். பழைய தராசுக்காரரும் முள் எங்கே நிற்கிறதோ அதைப் பார்த்துக்கொண்டுதானே காயைப் போடுவார்?

உயரம் பற்றி இப்போது நான்காவதாகக் கேட்டிருப்பவருக்கு: கூடாது.